கிளியனூர் மணிக்குக் கை கொடுக்கப் பழக்குதல்: சில ஆய்வுக் குறிப்புகள்

திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூரின் பெயரிலேயே கிளி இருக்கிறது. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பறவையின் ஊரில் சொன்னதைக் கேட்காத நாய் பிறந்தது எவ்வாறு? முன்னாய்வாளர் எவரும் இக்கேள்வியை எழுப்பவில்லை. (வேறு வேலை இருந்திருக்கும்.)

இலக்கணம்: நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைப் பெயரும் குருளை என்பது தொல்காப்பிய மரபியல். மணிக்கு வயது நாலு. ஆகவே இப்பகுதி முற்றிற்று.

கல்வெட்டு: மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல், கோவிவன் என்ற நாய் கள்ளர் இருவரைக் கடித்ததைச் சொல்கிறது. அது கை கொடுத்ததாகக் கல்லில் இல்லை. கல்லில் இல்லாததைப் படிக்கத் தனி அறிஞர்கள் இருப்பதால் அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

அயல்நாட்டார் கொள்கை: பாவ்லோவுக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்கு. அவர் வழியில் மணி அடித்துப் பழக்கலாம் என்றால், நாயின் பெயரே மணி. அடிக்க மனம் வரவில்லை.

கட்டளை மொழி: திட்டுவது தமிழில், பழக்குவது 'ஷேக் ஹேண்ட்' என்று ஆங்கிலத்தில். மணி இரண்டுக்கும் கொட்டாவி விட்டது.

கருவி: பொறை. டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் காய்ந்து கிடக்கும், டீயில் நனைத்தாலன்றிப் பல்லுக்கு மசியாத அதே பொறை. திருக்குறளின் 16ஆம் அதிகாரம் பொறையுடைமை. அதாவது, கையில் பொறை வைத்திருத்தல். இதற்குப் பொறுமை என்று பொருள் கொண்ட பரிமேலழகர் நாய் வளர்க்காதவர் என்பது பெறப்படும். எதிர்வீட்டு ஆயாவும் எம் கட்சியே: "ஒரு பொறைய காட்டுடா, தானா கைய குடுக்கும்" (திண்ணை உரை, வெற்றிலைக்கு முந்தைய பதிப்பு). வெற்றிலைக்குப் பிந்தைய திருத்திய பதிப்பில், துப்பிவிட்டு வந்து சேர்த்த பின்னிணைப்பில், "உடைச்சிப் போடு, முழுசா போட்டா தூக்கினு ஓடிடும்" என்கிறார். எனவே உடைமை என்பது உடைத்தலே என்று நிறுவப்படுகிறது. இதைவிட மெலிந்த சான்றுக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

களச்சோதனை: காலை ஏழு மணி, டீக்கடை வாசல். பொறையைக் காட்டியதும் இடது முன்னங்கால் நீண்டது, வேட்டியில் சேறு. அடுத்து, பொறையில்லாமல் வெறுங்கையை நீட்டினேன். மணி அதை முகர்ந்தது, ஜாடியைப் பார்த்தது, நேரே போய்க் கடைக்காரருக்குக் கை கொடுத்தது.

நிதிநல்கை: மேற்படி டீக்கடை. பதினேழு பொறை, என் கணக்கில், பாக்கி.