எட்டுக் குதிரைகளின் ஜாதகம்

ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் எஞ்சின் 97.2 சிசி. ஒரே சிலிண்டர், விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் வீச்சு 49.5 மி.மீ. ஊர் வழக்கில் இது 'ஹண்ட்ரட் சிசி வண்டி'. குறையும் 2.8 சிசிக்குக் கணக்குக் கேட்பார் இல்லை.

உச்சத் திறன் 8,000 ஆர்பிஎம்மில் சுமார் 8 குதிரைத்திறன். அந்தச் சுற்றை எட்டுவதற்குள் அடுத்த வேகத்தடை வந்துவிடுவதால், பாதிக் குதிரைகள் லாயத்தைவிட்டு வெளியே வருவதே இல்லை. கியர்கள் நான்கு, ஐந்தாவதைத் தேடி மிதிப்பது ஓட்டுபவரின் நம்பிக்கை.

இருக்கை, ஆர்.சி. புத்தகப்படி இருவருக்கு. நடைமுறையில் தம்பதி, நடுவில் ஒரு பிள்ளை, டேங்க் மேல் இன்னொன்று. டேங்க் கொள்ளளவு 9.8 லிட்டர், நூறு ரூபாய்க்குப் போடுபவருக்கு இது வெறும் தகவல்.

2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கும் எரிந்தாக வேண்டும். அணைக்க ஸ்விட்ச் இல்லை. எதிரே வருபவர்கள் விரல்களைக் குவித்து விரித்து அதைத் தெரிவிப்பதை மட்டும் எந்த விதியாலும் நிறுத்த முடியவில்லை.

இரு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். பின் பிரேக்கை மிதித்தால் முன்னதும் சேர்ந்து பிடிக்கும். மேலே அமர்ந்திருக்கும் குடும்பத்தில் அந்த ஒற்றுமைக்கு உத்தரவாதம் இல்லை.

அதிகாரபூர்வ மைலேஜை ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓடவிட்டு அளக்கிறார்கள். அங்கே சிக்னல், மாடு, பள்ளம் எதுவும் கிடையாது. ஆனாலும் வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். மற்றவை எல்லாம் விளம்பரத் தாளை நிரப்பத்தான்.