கம்பைலர் வரித்தற் சாஸ்திரம்: தங்கவயல் பாடம்

2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கவயலின் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பின், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கிப் பிழைத்த ஒரு வம்சத்தின் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று கணினி கற்கத் தலைப்பட்டனர் என்பது சரித்திரம், எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகங்களாக வாங்கி ராபர்ட்சன்பேட்டையில் பூட்டப்பெற்ற அக்கணினிகளில் எந்த ஸி கம்பைலரைக் குடியேற்றுவது என்பது சாஸ்திரம். சரித்திரத்துக்கு ஆசிரியர் பலர் உளர். சாஸ்திரம் நாதியற்றுக் கிடப்பதால் நாம் அதனைக் கையிலெடுத்தோம்.

பூர்வபட்சக்காரர் சொல்வது: ரிச்சர்டு ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசி சர்வ இலவசம், ஆகவே ஆராய்ச்சிக்கே இடமில்லை. இது கணக்கறிந்தவர் பேச்சேயன்றி உலகறிந்தவர் பேச்சன்று. கல்லூரி லேபில் நீலத்திரையுடன் வீற்றிருப்பது போர்லண்டின் டர்போ ஸி. ரெக்கார்டு நோட்டில் ஏறியிருப்பது அதன் கோனியோ.ஹெச் என்னும் கோப்பு, பிராக்டிகலில் முதற்காரியமாகத் திரையைத் துடைப்பது அதிலுள்ள 'சிஎல்ஆர்எஸ்ஸிஆர்'. லினக்ஸ்வாசியான ஜிசிசியோ இவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை. மதிப்பெண்ணைப் பறிக்கும் இலவசத்தை எவன் வாங்குவான்?

போர்லண்டின் கீர்த்திக்கும் மலிவே மூலகாரணம். பிறர் நூற்றுக்கணக்கில் டாலர் கேட்டுக்கொண்டிருந்த 1983-இல், பிலிப் கானின் அந்நிறுவனம், ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க் எழுதிய டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு விற்றது. ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் ஓடாதவரை அதனைப் புத்தகம்போல் எவர் கைக்கும் மாற்றலாம் என்று உரிமப் பத்திரத்திலும் எழுதிவைத்தது. தங்கவயலின் தொழிலாளர் லைன் வீடுகளில் இவ்வாக்கியத்தின் பிற்பாதி மட்டுமே பிரசித்தம்.

ஆயின் பிளாப்பியில் ஓசியாக வந்ததனாலேயே ஒரு கம்பைலர் மலிவாகிவிடாது. ஸி டிரைவில் நிறுவியிருந்த டர்போ ஸியை ஒருவன் அப்படியே நகலெடுத்துத் தன் டி டிரைவில் இட்டானென்க. ஐந்து வரி எழுதி ஓட்டினால், எஸ்டிடிஐஓ.ஹெச்சைத் திறக்க இயலவில்லை என்று அது முரண்டுபிடிக்கும். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. கம்பைலரோ இன்னமும் பழைய டிரைவிலேயே அதைத் தேடுகிறது. ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரீஸ் என்னும் பெட்டியைத் திறந்து, இரண்டு பாதைகளிலும் ஓரெழுத்தை மாற்றினால் தீர்ந்தது. இந்த ரகசியம் அறிந்த ஓர் அண்ணன் கூப்பிடு தூரத்தில் எந்தக் கம்பைலருக்கு இருக்கிறானோ, அதுவே மலிவான கம்பைலர் என்பது எமது சித்தாந்தம். (1902-லேயே சிவசமுத்திரத்து மின்சாரம் கண்ட ஊராயினும், எஃப்-2 அழுத்திச் சேமிப்பதற்குள் கரண்ட் போய்விட்டால் அண்ணனும் செய்வதற்கில்லை.)

அண்ணனுக்கு வாங்கித் தரும் டீயைக் கம்பைலரின் அடக்கவிலையில் சேர்க்கலாமா என்பதில் மதபேதம் உண்டு. ராபர்ட்சன்பேட்டை ஆசாரியர்கள் டீ மட்டும் போதும் என்பர். ஆண்டர்சன்பேட்டையார் பன்னும் சேர்த்தே கணக்கெழுதுகின்றனர்.