நானும் மலைக்காரிதான்

ஈக்வடாரில் குவெங்கா என்ற மலையூருக்கு ஓராண்டு குடிபோகிறோம் என்று முடிவானதும் வீட்டில் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தவள் நான். கணவருக்கு அங்கே பல்கலைக்கழகம் ஒன்றில் வேலை. அவர் நாகப்பட்டினம் பக்கம். அவர் ஊரில் உயரமான இடம் என்றால் கோயில் கோபுரம்தான். நானோ கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவள். “மலையில வேகமா நடக்கக் கூடாதுங்க, தண்ணி நிறையக் குடிக்கணும், தலை சுத்தினா உடனே சொல்லிடணும்” என்று விமானத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகள் இருவரும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்கள். அவர் மட்டும் பாவம், கேட்டார்.

கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். குவெங்கா 2,500 மீட்டருக்குச் சற்று மேலே. நானூறு மீட்டர் எனக்கு ஒரு பொருட்டா? பள்ளிப் படிப்பு முடிந்து மலையிறங்கியவள், அதன்பிறகு இத்தனை காலமும் சென்னையில் லிஃப்ட் வைத்த கட்டடங்களில்தான் வாழ்ந்திருக்கிறேன் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. உயரத்துக்குப் பழகிய உடம்பு, கீழே இறங்கிய சில வாரங்களிலேயே அந்தப் பழக்கத்தை விட்டுவிடும். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் ஊர் நுரையீரலுக்குத் தெரியாது.

குவெங்காவின் பழைய ஊர் மேட்டில் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் தொமேபம்பா ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம், தாழ்வில், புதிய ஊர். எங்கள் வீடு கீழே, காய்கறிச் சந்தை மேலே, நடுவில் ஒரு நெடிய படிக்கட்டு. முதல் நாள் பாதிப் படியில் நின்று, மேலே தெரிந்த பழைய வீடுகளைக் கைகாட்டி, “இந்த ஊரை 1557-ல ஸ்பானியர்கள் அமைச்சாங்க, 1999-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல...” என்று தொடங்கினேன். வாக்கியத்தை முடிக்க மூச்சு இல்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி வணக்கம் சொல்லியபடி என்னைக் கடந்து ஏறினார். அன்றிலிருந்து அந்த இடத்தில் கைப்பேசியை எடுத்து ஆற்றைப் படம் பிடிப்பது என் வழக்கமானது. ஒரே கோணத்தில், ஒரே பாறையோடு, அந்த ஆற்றின் படங்கள் இன்னும் என் கைப்பேசியை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. “அம்மாவுக்கு இந்த ஆறு ரொம்பப் பிடிக்கும்” என்று மகள் தன் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். நான் மறுக்கவில்லை.

வெயில் விஷயத்திலும் இதே கதைதான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், காற்று மெலிந்த உயரத்தில், குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கும்போதே மூக்கு வெந்துபோகும் என்பதை மூக்கு வெந்த பிறகு படித்தேன். ஊரில் ஏன் எல்லோரும் தொப்பி போட்டிருக்கிறார்கள் என்பதும் அன்றுதான் புரிந்தது.

ஆனால் எனக்கு உண்மையிலேயே வெட்கம் தருவது குக்கர். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், கொதித்தாலும் போதிய சூடு இருக்காது. குவெங்காவில் அது 92 டிகிரியைத் தொடுவதற்குள்ளாகவே தளதளவென்று கொதிக்கிறது. கொடைக்கானலில் குக்கர் இல்லாத வீட்டில் பருப்பு வேகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் பெட்டியில் எடை கூடுகிறது என்று குக்கரை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் சாம்பார் பொடியைத் திணித்தவள் நான். சாம்பார் பொடி பத்திரமாக வந்து சேர்ந்தது. போடுவதற்கு வெந்த பருப்புதான் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டைக்கடலையை அடுப்பில் ஏற்றினேன். காலையில் ஏற்றியது மாலையிலும் பல்லுக்குச் சவாலாகவே இருந்தது. விடுவேனா? மறுநாளும் கொதிக்கவிட்டேன். கடலை வேகுமுன் சிலிண்டர் தீர்ந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து தினமும் ஒரு வண்டி இனிமையான மெட்டு ஒன்றை ஒலித்துக்கொண்டு எங்கள் தெருவில் போகும். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடுவார்கள். “ஐஸ்கிரீம் வண்டிதானே? இந்தக் குளிர்ல ஒண்ணும் வேணாம், சளி பிடிக்கும்” என்று நான் அதட்டி, திரையை இழுத்து மூடுவேன். மகன் அழுதிருக்கிறான். இப்போது சிலிண்டர் தீர்ந்ததும் மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் போய், கேஸ் எங்கே பதிவு செய்வது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “தினமும் உன் வாசல் வழியாகத்தானே பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறான்!” என்றார். பின்னால் நின்ற மகனைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வண்டிக்காரரிடம் நான் நீட்டியது இருபது டாலர் நோட்டு. ஈக்வடார் 2000-ஆம் ஆண்டில் தன் சொந்தப் பணமான சூக்ரேயைக் கைவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறிய நாடு. பணத்தை மாற்றவேண்டிய தொல்லையே இல்லை என்று நான்தான் குடும்பத்துக்கு விளக்கியிருந்தேன். சில்லறை மாற்றும் தொல்லையை யாரும் எனக்கு விளக்கவில்லை. 15 கிலோ சிலிண்டர் அரசு மானியத்தில் சில டாலருக்கே வந்துவிடுகிற ஊரில் இருபது டாலர் நோட்டுக்கு யார் மீதி தருவார்? வீட்டுக்கார அம்மாவே நாணயங்களை எண்ணிக் கொடுத்தார்.

அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. பிள்ளைகள் வந்த வாரத்திலேயே அவரை ‘அபுவெலா’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள், பாட்டிதான். நான் ‘செனோரா’விலேயே நின்றேன். இவரிடமாவது என் மலைப்பெருமையை நிலைநாட்ட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. சந்தையில் மரத்தக்காளியைப் பார்த்ததும் வழி கிடைத்துவிட்டது. முட்டை வடிவில், செம்மஞ்சளாக, காம்போடு குவித்து வைத்திருந்தார்கள். கொடைக்கானலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்த அதே பழம்! அம்மா சுட்டுத் தோலுரித்து, பச்சைமிளகாயோடு அரைக்கும் சட்னி நினைவுக்கு வந்தது. நிறைய வாங்கி, அப்படியே அரைத்து, ஒரு கிண்ணத்தில் மாடிக்குக் கொண்டுபோனேன். “இது எங்கள் மலையில் விளையும் பழம். எங்கள் ஊர்ச் சட்னி” என்று எனக்கு வந்த ஸ்பானிய மொழியில் அறிமுகம் செய்தேன்.

அவர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். தலையாட்டினார். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து தன் கிண்ணத்தை எடுத்து வைத்தார். மரத்தக்காளி, மிளகாய், வெங்காயம், மல்லித்தழை. ‘அஹி’ என்பார்கள், அந்த ஊரில் அது இல்லாத சாப்பாட்டு மேசையே கிடையாது, சூப்பிலிருந்து உருளைக்கிழங்கு வரை எல்லாவற்றின் மேலும் ஊற்றுவார்கள். மரத்தக்காளி ஆண்டிஸ் மலைத்தொடரில் தோன்றி, அங்கிருந்து உலகம் சுற்றிக் கொடைக்கானலுக்கு வந்த பழம். நான் கொல்லனுக்கு ஊசி விற்கப் போயிருக்கிறேன். போதாக்குறைக்கு அவருடையது என் சட்னியைவிட நன்றாக இருந்தது. “உன்னுடையதில் கருகல் வாசனை கொஞ்சம் தூக்கல்” என்றும் சொன்னார்.

அதோடு விட்டேனா? மழை விட்ட ஒரு மாலையில் தைலமர வாசனை வந்தது. கண் கலங்கிவிட்டது. “இதுதாங்க எங்க ஊர் வாசனை” என்றேன் கணவரிடம். அவர் தாவரவியல் படித்தவர் என்பது கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு ஏன் அடிக்கடி மறந்துபோகிறது என்று தெரியவில்லை. தைலமரம் ஆஸ்திரேலியாவுடையது, இங்கே 1860-களில் கார்சியா மொரேனோ என்ற குடியரசுத் தலைவரின் காலத்தில் வந்தது, உங்கள் ஊரில் வெள்ளைக்காரர்கள் நட்டது என்று பொறுமையாகச் சொன்னார். கலங்கிய கண்ணை என்ன செய்வது? வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

வணக்கம் சொல்வதில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் கடைக்குள் நுழைந்ததும் “அரைக் கிலோ தக்காளி” என்றால் கடைக்காரர் எடைபோடத் தொடங்கிவிடுவார். குவெங்காவில் முதலில் வணக்கம், பிறகு நலம், அதன்பிறகுதான் தக்காளி; அதுவும் பவுண்டுக் கணக்கில். மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் புதிதாக வருகிறவர்கூட மொத்த அறைக்கும் வணக்கம் சொல்வார், மொத்த அறையும் திருப்பிச் சொல்லும். நான் மட்டும் வெகுநாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். “எங்க அம்மாவுக்குக் கூச்சம் அதிகம்” என்று மகள் எல்லோரிடமும் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். அம்மா திமிர் பிடித்தவள் என்று சொல்லாமல் விட்டாளே.

காஹாஸ் தேசியப் பூங்காவுக்குப் போனது என் யோசனை. ஊருக்கு மேற்கே, ஏரிகளும் புல்வெளியுமாக இருக்கும் உயர்ந்த மலைப் பரப்பு. குவெங்காவின் குடிநீரில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. குவாயாகில் போகும் பேருந்தில் ஏறி தொரேயதோரா ஏரிக்கு அருகே இறங்கினோம். கிட்டத்தட்ட 3,900 மீட்டர். வீட்டுக்கார அம்மாவும் கூட வந்தார். கணவருக்கு வேண்டும் என்று இஞ்சி மிட்டாய், மாத்திரை, வாந்திப் பை எல்லாம் என் தோளில் தொங்கின.

ஏரிக்கரையில் காகிதமரக் காடு உண்டு. பட்டை தாள்தாளாக உரியும், கிளைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும், இத்தனை உயரத்தில் வளரக்கூடிய மரங்கள் உலகிலேயே அபூர்வம். நான் அதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. தலைக்குள் யாரோ உரல் இடித்தார்கள். ஒரு கல்லில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கடல் மட்டத்துக்காரர் பிள்ளைகளோடு ஏரியைச் சுற்றி வந்து, மரங்களைப் படமெடுத்து, என் பையைத் திறந்து இஞ்சி மிட்டாயை என்னிடமே நீட்டினார். வாந்திப் பையும் பயன்பட்டது. அவர் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இறங்கி வந்தும் இரண்டு மூன்று நாள் முகம் வெளிறிக் கிடந்தேன். உனக்குப் பயம் பிடித்திருக்கிறது என்று வீட்டுக்கார அம்மா தீர்ப்புச் சொல்லி, வெள்ளிக்கிழமை காலை ‘தியெஸ் தே அகோஸ்தோ’ சந்தைக்கு இழுத்துப்போனார். செவ்வாயும் வெள்ளியும் அங்கே மூலிகைக்காரப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ‘லிம்பியா’ செய்வார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் சுத்திப்போடுவது. பிரசவத்துக்குப் போயிருந்தபோது அம்மா உப்பும் மிளகாயும் எடுத்தால், “இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா” என்று அரை மணி நேரம் பேசியவள் நான். இப்போது முக்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அருவதாவும் இன்னும் பெயர் தெரியாத தழைகளும் கட்டிய கத்தையால் தலை, தோள், முதுகு என்று விளாசினார் அந்தப் பெண். முட்டையை உடம்பெங்கும் உருட்டினார். வாயில் எதையோ நிரப்பிக்கொண்டு முகத்தில் புஸ்ஸென்று ஊதினார், சாராய வாடை. நெற்றியில் கரியால் சிலுவை போட்டார். முட்டையை உடைத்து ஒரு தம்ளர் தண்ணீரில் விட்டு, உற்றுப் பார்த்து, வேகமாக ஏதோ சொன்னார்.

“என்னடி சொல்றாங்க?” என்றேன் மகளிடம்.

“உனக்கு மலையைக் கண்டா பயமாம்மா. ஒரு தடவையில போகாதாம். செவ்வாய்க்கிழமையும் வரச் சொல்றாங்க.”

செவ்வாய்க்கிழமை போனேன். இந்தத் தடவை சில்லறையோடு.