ஈ வளர்க்கும் குடும்பம்

தவளை வளர்ப்பதில் தவளை கடைசியாகத்தான் வரும். பெட்டி, மண், செடி, பூச்சி எல்லாம் வந்து இடம் பிடித்த பிறகு, கல்யாணத்துக்கு வரும் தலைமை விருந்தாளியைப் போல நிதானமாக வந்து இறங்கும்.

மகள் ஆசைப்பட்டது தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டு நீலத் தவளை. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். 'விஷ அம்புத் தவளை' என்பது குடும்பப் பெயர். ஆறு மாத விசாவில் தஞ்சாவூரிலிருந்து நியூஜெர்சி வந்திருந்த அம்மா, இது காதில் விழுந்ததும் பதறிவிட்டாள். காட்டில் தின்கிற எறும்பிலிருந்தும் சிற்றுண்ணியிலிருந்தும்தான் அதற்கு விஷம் ஏறுகிறது, பண்ணையில் பிறந்து பழ ஈ தின்று வளர்வதற்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்று விளக்கினேன். அம்மாவின் முகம் வாடியது.

"விஷமும் இல்லையா? அப்புறம் எதுக்குப்பா இவ்ளோ காசு?"

பதினெட்டு அங்குலச் சதுரக் கண்ணாடிப் பெட்டி வந்தது. அடியில் தண்ணீர் வடிய சுட்ட களிமண் உருண்டைகள், அதன்மேல் வலை, வலைக்கு மேல் மண். மண் என்றால் கொல்லையில் அள்ளுவதல்ல. அட்லாண்டா தாவரவியல் பூங்காவின் பெயரால் ஒரு கலவையே இருக்கிறது: மரப்பெரணி நார், பீட் பாசி, ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டை, கரித்துண்டு, ஸ்பேக்னம் பாசி. அத்தனைக்கும் என் பர்ஸ் இடம் தராததால், செங்கல் போல அழுத்திய தேங்காய் நார்த்தூளையும் வாங்கிக் கலந்தேன். வாளியில் வெந்நீர் ஊற்றியதும் அது பொங்கி எழுந்தது. அம்மா ஒரு கை எடுத்து முகர்ந்தாள். "இது நம்ம மட்டைத் தூசிடா! டாலர் கொடுத்தா வாங்கினே?" அன்று இரவே ஊருக்குப் போன் போட்டு, கொல்லையில் கிடப்பதை யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுக்க வேண்டாம் என்று சித்தியிடம் சொன்னாள்.

அடுத்து துப்புரவுப் பணியாளர்கள். ஸ்பிரிங்டெயில் என்று ஒரு பூச்சி; வெள்ளை ரவைத் துணுக்கு அளவு, தொட்டால் துள்ளும். பூஞ்சையையும் அழுகலையும் தின்று பெட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும். அதை ஈரக் கரித்துண்டு நிறைந்த டப்பாவில் வளர்க்க வேண்டும். ஆகாரம் பச்சரிசி, வாரத்துக்கு நாலைந்து மணி.

"அரிசியில பூச்சி வந்தா வெயில்ல காயவைப்போம். நீ பூச்சிக்குன்னு அரிசி போடுறியே!"

பெட்டிக்குள் ஈரம் நிலைத்து, செடி வேர் பிடித்து, மரத்துண்டில் பூத்த வெள்ளைப் பூஞ்சையை அந்தப் படை தின்று தீர்க்கும் வரை தவளையை விடக்கூடாது. அதற்குள் தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் குடும்பத்தோடு வந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "எங்கே, எங்கே?" என்று தேடினார்கள். இன்னும் வாங்கவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் டீயைக் கொடுத்துச் சரித்திரம் பேசினேன். 1829இல் நத்தானியேல் வார்ட் என்ற லண்டன் டாக்டர், அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் போட்டு மூட, மண்ணில் பெரணி முளைத்துவிட்டது. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார். நண்பர்கள் டீயைக் குடித்துவிட்டு மறுபடி தேடினார்கள்.

கடைசியில் ஈ. உருளைக்கிழங்குத் தூள், வினிகர், ஈஸ்ட் மூன்றையும் பிசைந்து டப்பாவில் அப்பி, பறக்க முடியாத பழ ஈக்களை விட்டால் இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். தவளைக்குக் கொடுப்பதற்கு முன் கால்சியம் பொடியில் புரட்ட வேண்டும். விபூதி பூசிய அடியார் கூட்டம் போல வரிசையாகக் கண்ணாடியில் ஏறும். வாழைப்பழத் தட்டில் ஒரு ஈ உட்கார்ந்தாலே வீட்டைக் கழுவிவிடுகிற என் மனைவி, சமையலறை அலமாரியில் நான்கு டப்பா ஈயைப் பார்த்தாள். ஆற்றுக்கு அக்கரையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதே ஈயை வளர்த்து ஆராய்ந்துதான் தாமஸ் ஹண்ட் மார்கன் 1933இல் நோபல் பரிசு வாங்கினார் என்றேன்.

"அவர் சமையலறையிலயா வளர்த்தார்?"

இதில் இன்னொரு சங்கதி. வெளியிலிருந்து சாதாரண ஈ ஒன்று டப்பாவுக்குள் நுழைந்து சம்பந்தம் செய்துகொண்டால், பிள்ளைகள் பறக்கும். பறந்தன.

தவளைகளும் வந்தன, இரண்டு. குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றில் எங்கள் உதடெல்லாம் வெடித்துக் கிடக்க, அவை மட்டும் எண்பது சதவீத ஈரப்பதத்தில் பளபளவென்று உட்கார்ந்திருக்கின்றன. நாங்கள் குடிப்பது குழாய்த் தண்ணீர். அவற்றின் மேல் தெளிப்பது காய்ச்சி வடித்த நீர். ராத்திரி கத்தும் என்று காது கொடுத்துப் பார்த்த அம்மாவுக்கு அதிலும் ஏமாற்றம். இந்த வகையில் ஆண் போடும் சத்தம் பக்கத்தில் நின்றாலே லேசாகத்தான் கேட்கும்.

இந்தக் கோடையில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். தவளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று சங்கத்து நண்பரைக் கேட்டேன். தாராள மனசுக்காரர். "தவளை எத்தனை வேணும்னாலும் கொண்டுவந்து விடுங்க சார்," என்றார். "அந்த டப்பா நாலும் மட்டும் உங்க வீட்லயே இருக்கட்டும்."