பாரதி திட்டமிட்ட 40 நூல்கள்

கேள்வி: தம் எழுத்து நூலாக வரவேண்டும் என்று ஓர் எழுத்தாளர் எந்த அளவுக்கு ஆசைப்படலாம்?

பதில்: பாரதியார் ஆசைப்பட்ட அளவுக்கு! கடையத்தில் வாழ்ந்த அவர், 1920இல் தம் படைப்புகளை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட்டு, அவை தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும்விட எளிதாக விற்பனையாக வேண்டும் எனத் திட்டமிட்டு, அச்சுச் செலவுக்கு அன்பர்களிடம் கடன் கேட்டுக் கடிதம் எழுதினார். 1921 செப்டம்பரில் அவர் மறைந்தபோது அத்திட்டம் நிறைவேறியிருக்கவில்லை. ஆயினும் 1949இல் சென்னை அரசு அவர் படைப்புகளின் பதிப்புரிமையை, அதாவது அச்சிட்டு விற்கும் தனியுரிமையை, பெற்றுப் பின்னர் பொதுவுடைமையாக்கியதால், அவர் நூல்கள் அவர் போட்ட கணக்கையும் கடந்து பரவின. ஆகவே எழுத்தாளர் தம் இலக்கைச் சுருக்க வேண்டியதில்லை; எழுத்தைச் செம்மையாக்குவதோடு, அது வாசகரைச் சென்றடையும் வழியையும் அவர் திட்டமிட வேண்டும்.