நம்மாளு அண்ணன்

மும்பை தேவ்நார் 'டிஸ்'ஸில் சேர ஊர்ப்பக்கமிருந்து வரும் பிள்ளைகள் கோவண்டி ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் என்ன மொழியில் பேசுவதென்று முழிக்கும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்: "நம்மாளா?"

அவர்தான் அண்ணன். எம்.ஏ. இரண்டாம் வருஷம். 1936-இல் தொடங்கி, 1954-இல் தேவ்நாருக்குக் குடிவந்த 'டிஸ்' எனும் டாட்டா சமூக அறிவியல் கழகத்தை அவரே கட்டிக் குடிவைத்தது போல்தான் பேசுவார். பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பாடத்தை ஆரம்பிப்பார்.

"இதுவும் வெளிநாடுதான் தம்பி. பாஸ்போர்ட் மட்டும் கேக்க மாட்டான். இந்தியைக் கண்டு பயப்படாதே. 'பையா'ன்னு ஆரம்பி, 'ஹை'ன்னு முடி. நடுவுல தமிழைப் போட்டுக்கோ."

அண்ணனின் மும்பை மிகச் சிறியது. சாமி கும்பிட செம்பூர் சேடா நகர் முருகன் கோயில். முறுக்குக்கும் ஊர்ச் சேதிக்கும் தாராவி தொண்ணூறு அடி ரோடு. நாக்கு செத்துப்போனால் மாட்டுங்கா. கேட்வே ஆஃப் இந்தியா? "அங்க நம்மாளு யாருப்பா இருக்கா?"

"கிணத்துத் தவளையா இருக்கக் கூடாது. நாலு மாநிலத்து ஆளுங்களோட பழகணும்" என்று மெஸ்ஸில் அடித்துச் சொல்வார். கேட்டுத் தலையாட்டும் ஏழு பேரும் தமிழர்கள். ஒரு மணிப்பூர்ப் பெண் தட்டோடு வந்து உட்கார்ந்தால் இரண்டு நிமிடம் ஆங்கிலம் நடக்கும். அப்புறம் யாராவது ரசத்தைக் குறை சொல்ல, பேச்சு தமிழுக்குத் தாவிவிடும். ஒரு செமஸ்டர் முடிவதற்குள் அந்தப் பெண்ணுக்குத் தமிழில் புறணி புரிய ஆரம்பித்துவிட்டது. அண்ணனுக்கு மணிப்பூரியில் வணக்கம்கூடத் தெரியாது.

பக்கத்திலேயே பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். 1956-இல் தொடங்கியது; ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு மாணவர்கள் வந்து படிக்கும் இடம். அங்கே படிக்கும் நைஜீரியர் ஒருவர் மேல் அண்ணனுக்கு இரக்கம் சுரந்தது. "பாவம், கடல் தாண்டி வந்த பிள்ளை. சோத்துக்கு என்ன பண்ணுதோ!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை குர்லாவில் ரயில் மாற்றி மாட்டுங்காவுக்கு அழைத்துப் போனார். "நம்மாளு ஹோட்டல், கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றார். ஹோட்டல், 1942-இல் உடுப்பிக்காரர் தொடங்கிய ராமா நாயக். மும்பைக்குத் தெற்கே எல்லாமே அண்ணனுக்கு நம்மாளுதான்.

இலை போட வந்தவர் நைஜீரியரைப் பார்த்து, "என்ன, போன வாரம் காணோம்?" என்று இந்தியில் விசாரித்தார். இவர் வீட்டு விசேஷத்தை அவரும், அவர் பரீட்சையை இவரும் கேட்டு முடிக்கும்வரை அண்ணன் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கெத்தாக, "பையா, இன்னும் கொஞ்சம் ரசம் ஹை!" என்றார். பரிமாறுகிறவர் விழித்தார். நைஜீரியர்தான் மொழிபெயர்த்து ரசம் வாங்கிக் கொடுத்தார்.

அன்றிரவே அவரைத் தமிழ் மாணவர் வாட்ஸப் குழுவில் அண்ணன் சேர்த்துவிட்டார். பொங்கல் சமயத்தில், "தாராவியில் கரும்பு ஜோடி என்ன விலை?" என்று யாரோ கேட்டதற்கு, விசாரித்து விலையோடு முதலில் பதில் போட்டவர் அவர்தான். அண்ணன் கட்டைவிரல் உயர்த்தினார்.