நோட்டு ஒண்ணு, முதுகு ஒண்ணு

ஏண்டா கண்ணு, நர்ஸுங்களுக்கு மனசாட்சி வளக்க ரெண்டு நாள் பயிலரங்கமாமே? ஏசி ரூமு, மத்தியானம் பிரியாணி, கடைசியில சர்ட்டிபிகேட்டு. போயிட்டு வா. பிரியாணியாவது மிச்சம்.

மெழுகுவத்தி புடிச்சிக்கிட்டு நைட்டிங்கேல் உறுதிமொழி எடுக்கறீங்களே, அத அந்தம்மா எழுதல, தெரியுமா? 1893ல அமெரிக்காவுல, டெட்ராய்ட்டுல, லிஸ்ட்ரா கிரெட்டர்னு ஒருத்தரும் கூட்டாளிங்களும் எழுதி, நைட்டிங்கேல் பேர வெச்சாங்க. நைட்டிங்கேல் அம்மா வெளக்கத் தூக்கினது போட்டோவுக்கா? ராத்திரியில எவன் மொனகுறான்னு பாக்கத்தானே?

போன மாசம் இடுப்பொடிஞ்சு ஒரு ஆஸ்பத்திரியில கெடந்தேன். எதுன்னு கேக்காத. படுக்கைப்புண்ணு வராம இருக்க ரெண்டு மணிக்கொருக்கா பொரட்டிப் படுக்க வெக்கணும். கட்டில்ல தொங்குன நோட்டப் பாத்தேன். 12 மணி, 2 மணி, 4 மணி, எல்லாத்துக்கும் டிக்கு. ஒரே மை, ஒரே சாய்வு. என் முதுகு வேற கணக்கு சொல்லுச்சு. அதுக்காக டிக்கு போட்ட நர்ஸுப் புள்ளயத் திட்டுவனா? ஒத்த ஆளு, முப்பது கட்டிலு. மனசாட்சி இருந்தும் கை பத்தலன்னா?

மறுநா ராத்திரி இன்னொருத்தி வந்தா. நோட்டத் தொடல. போர்வைக்குள்ள கைய வுட்டு முதுகெலும்போரம் தடவுனா. “தாத்தா, இங்க சுடுதே”ன்னா. பொரட்டுனா. விரிப்புல சுருக்கத்த இழுத்து வுட்டா. அப்பறந்தான் எழுதுனா, 1.40ன்னு. நெசம்னா இப்படிச் சில்லறையோடதான்டா வரும்.

இந்த மனசாட்சி பயிலரங்கத்துலயா வரும்? அரூருக்கு அந்தாண்ட, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவுல சிட்லிங்கின்னு ஒரு ஊரு கெடக்குது பாரு. 1993ல ரெஜி, லலிதான்னு ரெண்டு டாக்டருங்க வந்து குடிசையில வைத்தியம் ஆரம்பிச்சாங்க. அப்ப ஆயிரம் கொழந்த பொறந்தா 147 ஒரு வயசு தாண்டாது. அந்தக் காட்டுக்கு எந்த நர்ஸு வருவா? மலைப் பொண்ணுங்களையே பழக்குனாங்க. பிரசவம் பாக்க, ஆபரேசன்ல கூட நிக்க. பின்னால அந்த 147 இருபது சொச்சத்துக்கு எறங்கிச்சு. அந்தப் பொண்ணுங்களுக்கு மனசாட்சி வளக்க எவன் பயிலரங்கம் நடத்துனான்? கட்டில்ல கெடக்கறது அத்தை மவ. சும்மா டிக்கு போட்டுட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சந்தைக்குப் போவா?

சரி, ஒனக்கு நேரமாச்சு. போறப்ப என்னைக் கொஞ்சம் எடப்பக்கமாப் பொரட்டி வுட்டுட்டுப் போ. நோட்டுல எழுத வேணாம்.